ஆட்டத்திற்குக் கதை வேண்டுமா?



கிழக்கே கடலும் மேற்கே களப்பும் வயலுமாக, இரண்டிற்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் நிலம் எங்கள் கோமாரி. அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்தவர்கள் இவ்வூரைக் கடந்து சென்றிருப்பார்கள். ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல், மாலை வேளைகளில் முற்றத்திலே சாய்மனைக் கதிரையைப் போட்டுக்கொண்டு கடலோசையைக் கேட்டிருப்பது என் வழக்கம். அண்மையில் ஒருநாள் அவ்வாறு அமர்ந்திருக்கையில், பன்னிரண்டு வயதுப் பேரன் என் காலடியில் இருந்து கைபேசியிலே ஏதோ ஒரு விளையாட்டில் மூழ்கியிருந்தான்.

சும்மா இருக்கும் கிழவருக்கு எட்டிப் பார்க்கும் ஆசை வருவது இயல்புதானே! நானும் எட்டிப் பார்த்தேன். திரையிலே ஒரு போர்வீரன் எரிந்துபோன தன் வீட்டின் முன் நின்று ஏதோ சொல்லத் தொடங்கினான். பின்னணியில் இசை எழுந்தது. என்ன சொல்லப் போகிறான் என்று நான் காதைக் கூர்மையாக்கிய அக்கணத்தில், பேரனின் விரல் திரையைத் தொட்டது. வீரனும் மறைந்தான், வீடும் மறைந்தது, இசையும் நின்றது. அடுத்த நொடியில் வெட்டவெளியில் ஓட்டமும் சுடுதலும் நடந்துகொண்டிருந்தன.

“ஏன் தம்பி, அவன் கதையைச் சொல்ல விடாமல் தள்ளிவிட்டாய்?” என்று கேட்டேன்.

“அம்மப்பா, கதை நடக்கிற நேரத்தில நான் ஒண்டும் செய்ய ஏலாது. அது முடிஞ்சாத்தான் நான் வருவன்” என்றான் அவன், தலையை நிமிர்த்தாமலே.

நேயர்களே, நாற்பது ஆண்டுகள் வகுப்பறையிலே கதை சொல்லிப் பிழைத்தவன் நான். அச்சிறுவனின் விடை என்னைச் சிறிது சுட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும் அதனை எண்ணிப் பார்க்க எண்ணிப் பார்க்க, அது வெறும் துடுக்குப் பேச்சன்று, உலகத்தின் பல பாகங்களிலும் அறிஞர்கள் வாதிட்டு வருகின்ற ஒரு பெரிய வினா என்பது புலனாயிற்று. ஆட்டத்திற்குக் கதை வேண்டுமா? வேண்டுமெனில் எவ்வளவு வேண்டும்? இன்று இவ்வினாவைப் பற்றியே உங்களோடு சில நிமிடங்கள் பேச விழைகின்றேன்.

முதலில், கணினி விளையாட்டில் பழக்கமில்லாத நேயர்களுக்காக ஒரு விளக்கம். இவ்விளையாட்டுகளில் இரண்டு வகையான நேரங்கள் உண்டு. ஒன்று, ஆடுபவன் தன் கையாலே திரையில் உள்ள உருவத்தை இயக்கும் நேரம். மற்றையது, ஆடுபவனின் கையைக் கட்டிவிட்டுத் திரைப்படம் போலக் கதையை ஓட்டிக் காட்டும் நேரம். இந்த இரண்டாவதனை ஆங்கிலத்தில் ‘கட்சீன்’ என்பர். நாம் இடைக்காட்சி என்று வழங்கலாம். என் பேரன் தள்ளிவிட்டது ஓர் இடைக்காட்சியைத்தான்.

இந்த இடைக்காட்சி எவ்வாறு பிறந்தது? 1980ஆம் ஆண்டில் யப்பானிலே ‘பாக்மன்’ என்ற விளையாட்டு வெளிவந்தது. புதிர்வழிக்குள்ளே புள்ளிகளைத் தின்றுகொண்டு ஓடும் ஒரு மஞ்சள் வாய், அதனைத் துரத்தும் பேய்கள், இவ்வளவே அவ்விளையாட்டு. சில சுற்றுகளை வென்றதும் ஒரு சிறு வேடிக்கை தோன்றும். முதலில் பேய் மஞ்சள் வாயைத் துரத்திச் செல்லும். பின்னர் அந்த வாய் பேருருக் கொண்டு திரும்பி வந்து பேயைத் துரத்தும். சில நொடிகளில் அது முடிந்துவிடும். ஆடியவன் கைவலி ஆற, ஒரு முறுவல் பூக்க, அந்நேரம் போதுமானதாயிருந்தது. 1987இல் வெளியான ‘மேனியாக் மேன்ஷன்’ என்னும் அமெரிக்க விளையாட்டோடு, இத்தகைய காட்சிகளுக்குக் ‘கட்சீன்’ என்ற பெயரும் வழக்கிற்கு வந்தது.

ஒட்டகம் கூடாரத்திற்குள் மூக்கை மட்டும் நுழைத்த கதை உங்களுக்குத் தெரியும். காலப்போக்கில் இடைக்காட்சியும் அவ்வாறே உள்ளே வந்தது. 2008இல் வெளிவந்த ‘மெட்டல் கியர் சொலிட்’ நான்காம் பாகத்தின் இறுதிக் காட்சிகளை முழுவதும் பார்த்து முடிக்க ஒரு மணி நேரத்திற்கு மேற்படும். கையிலே இயக்குபிடியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா இருப்பவனை ஆட்டக்காரன் என்பதா, பார்வையாளன் என்பதா?

இதற்கு நேர் எதிரே நிற்பது ‘டெட்ரிஸ்’. 1984இல் மொஸ்கோவிலே, சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணினி நிலையத்தில் பணிபுரிந்த அலெக்சி பஜித்னோவ் என்பவர் அதனை ஆக்கினார். மேலிருந்து கட்டைகள் விழும். அவற்றைத் திருப்பி அடுக்க வேண்டும். ஒரு வரிசை இடைவெளியின்றி நிரம்பினால் அவ்வரிசை மறையும். அங்கே வீரனும் இல்லை, வில்லனும் இல்லை, தொடக்கமும் முடிவும் இல்லை. கதை என்ற வாசனையே இல்லாத அவ்விளையாட்டு உலகத்தையே ஆட்கொண்டது.

இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையில்தான் அறிஞர்களின் வழக்கு எழுந்தது. 1997ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேராசிரியை ஜானெட் மறே என்பவர், கணினியே இனிவரும் காலத்தின் கதைமேடை என்னும் கருத்தமைய ஒரு நூல் எழுதினார். அதே ஆண்டில் நோர்வே நாட்டவரான எஸ்பன் ஆர்செத் மற்றொரு நூல் எழுதினார். விளையாட்டை அதன் சொந்த இலக்கணத்தால் ஆராய வேண்டும், நாவலுக்கும் திரைப்படத்திற்கும் உரிய அளவுகோலால் அளத்தல் தகாது என்பது அவர் தரப்பின் வாதமாயிற்று. மறே அம்மையார் டெட்ரிசையும் விட்டு வைக்கவில்லை. ஓயாமல் வந்து விழும் கட்டைகளிலே, ஓயாத வேலைப் பளுவால் அவதியுறும் அமெரிக்கர்களின் வாழ்க்கை தெரிகின்றது என்று அவர் பொருள் கூறினார். பின்லாந்து அறிஞர் மார்க்கு எஸ்கெலினன் 2001இல் இதனைக் கடுமையாக மறுத்தார். சோவியத் நாட்டவர் ஒருவர் ஆக்கிய கட்டை விளையாட்டில் அமெரிக்கர் வாழ்க்கையைக் காண்பது, இல்லாத கதையை வலிந்து ஏற்றுவதன்றி வேறென்ன? எனக்கும் அந்த இடத்தில் எஸ்கெலினன் பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றுகின்றது. கதை தேடும் ஆவலிலே கட்டையைக் கட்டையாகப் பார்க்கத் தவறிவிடக் கூடாதன்றோ?

ஆனால் வழக்கு அதோடு முடிந்துவிடவில்லை. நம் திண்ணையில் ஆடிய ஆடு புலி ஆட்டத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். புலி ஆட்டைத் தாண்டிச் சென்று வெட்டும். ஆடுகள் ஒன்றுகூடிப் புலியை நகரவிடாமல் அடைக்கும். புலிக்குப் பெரிய புளியங்கொட்டை, ஆட்டுக்குச் சிறு கல், இவ்வளவே முதல். இங்கே கதை சொல்லப்படுவதில்லை. எனினும் ‘ஆடு’, ‘புலி’ என்ற இரண்டு பெயர்களே ஆட்டத்தின் சட்டம் முழுவதையும் குழந்தைக்குக் கற்பித்துவிடுகின்றன. புலி ஏன் தாண்டுகிறது என்று எந்தக் குழந்தையும் கேட்பதில்லை. ஆடு ஏன் கூட்டமாக நிற்க வேண்டும் என்றும் கேட்பதில்லை. அப்பெயர்களை நீக்கிவிட்டு ‘முதல் வகைக் காய்’, ‘இரண்டாம் வகைக் காய்’ என்று சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். கணக்கு மாறாது. ஆனால் தனித்து நிற்கும் ஆட்டிற்காகப் பதறுகின்ற நெஞ்சு இராது. ஆகவே கதை ஆட்டத்திற்கு வெளியே நின்றுதான் பேச வேண்டும் என்பதில்லை. அது சட்டத்திற்குள்ளேயே கரைந்து நிற்கவும் கூடும்.

நமது கிழக்கு மாகாணத்திலேயே இதற்கு ஒரு சிறந்த சான்று இருக்கின்றது. அதுதான் கொம்புமுறி விளையாட்டு. கண்ணகி வழிபாட்டோடு பிணைந்த இவ்விளையாட்டைப் பண்டிதர் வீ. சீ. கந்தையா 1964இல் வெளிவந்த தமது ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூலிலே போற்றி எழுதியிருக்கின்றார். ஊர் மக்கள் வடசேரி, தென்சேரி என்று இரு கட்சியாகப் பிரிவர். ஒன்று கோவலன் பக்கம், மற்றொன்று கண்ணகி பக்கம் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. வைரம் பாய்ந்த மரத்திலிருந்து வளைந்த கொம்புகளைத் தேர்ந்தெடுத்து, ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி இரு பக்கத்தாரும் இழுப்பர். எவர் கொம்பு முறிகின்றதோ அவர் தோற்றார். வென்றவர் தம் கொம்பை ஊர்வலமாகக் கொண்டு செல்வர். தோற்றவரைக் கேலி செய்யும் பாடல்களும் உண்டு. சிங்கள மக்களிடத்தும் பத்தினித் தெய்வ வழிபாட்டோடு சேர்ந்து இதே விளையாட்டு ‘அங்கெலிய’ என்ற பெயரில் வழங்கி வந்தது. பேராசிரியர் கணநாத் ஒபேசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூலில் அதனை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இந்த விளையாட்டிற்குக் காரணமாகக் கூறப்படும் கதை எளியது. கோவலனும் கண்ணகியும் கொக்கத்தடி கொண்டு மலர் பறிக்கையில் இருவரது கொக்கைகளும் சிக்கிக்கொண்டன என்றும், இருவரும் தத்தம் பக்கம் இழுத்தனர் என்றும் கூறுவர். இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. கொம்பு இழுபடும் வேளையிலே எவரும் இழுப்பை நிறுத்திவிட்டுக் கதை படிப்பதில்லை. கயிற்றைப் பிடித்த கையே கதையைச் சொல்கின்றது. கண்ணகி வழக்குரையைப் படிப்பதற்குத் தனியான இடமும் காலமும் வைகாசிச் சடங்கிலே உண்டு. அங்கே கேட்டவன் இங்கே வந்து இழுக்கின்றான். கொம்பு முறியும் ஓசை கேட்கும்போது, அவன் கேட்ட கதை முழுவதும் அந்த ஓர் ஓசையில் அடங்கிவிடுகின்றது.

கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் முதலிய ஊர்களில் எங்கள் முஸ்லிம் சகோதரர்கள் ஆடும் களிகம்பையும் இங்கே நினைவுகூர வேண்டும். பொல்லடி என்றும் அதனை வழங்குவர். அண்ணாவியார் பாட்டெடுக்க, வட்டமாக நிற்போர் கம்போடு கம்பை அடித்துச் சுழன்று ஆடுவர். பாட்டிலே பொருள் உண்டு. அடியிலே ஆட்டம் உண்டு. பாட்டிற்காக அடி நிற்பதில்லை. அடிக்காகப் பாட்டும் நிற்பதில்லை. பொத்துவிலைச் சேர்ந்த என் நண்பர் ஒருவர் இளமையில் களிகம்பு ஆடியவர். “பாட்டு மறந்துபோனால் கம்பு பிழைக்கும், கம்பு பிழைத்தால் பக்கத்தில் நிற்பவனின் விரல் போய்விடும்” என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். கதையும் ஆட்டமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதற்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணம் எனக்குத் தெரியாது.

கணினி விளையாட்டை ஆக்குபவர்களும் இந்த உண்மையைக் கண்டுகொள்ளாமல் இல்லை. 1998இல் வெளியான ‘ஹாஃப் லைஃப்’ என்னும் விளையாட்டின் தொடக்கத்தில் ஆடுபவன் ஒரு தொடர்வண்டிப் பெட்டியில் ஆராய்ச்சிக் கூடத்திற்குள் கொண்டு செல்லப்படுகின்றான். அவன் யார், எங்கே போகின்றான் என்பதெல்லாம் வழியிலே தெரிய வருகின்றன. ஆயினும் அந்நேரத்திலும் அவன் பெட்டிக்குள்ளே நடக்கலாம், விரும்பிய பக்கம் திரும்பிப் பார்க்கலாம். கதை ஓடுகின்றது, கையும் கட்டப்படவில்லை.

தமிழ் மக்களின் வாழ்க்கையையே பொருளாகக் கொண்ட ஒரு விளையாட்டும் வந்திருக்கின்றது. கனடாவின் ரொறன்ரோ நகரில் உள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் 2023இல் வெளியிட்ட அதன் பெயர் ‘வெண்பா’. தமிழ்நாட்டிலிருந்து கனடாவிற்குக் குடிபெயர்ந்த வெண்பா என்னும் பெண், அவள் கணவன் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை அது. கதை 1988இல் தொடங்குகின்றது. வெண்பாவிடம் தன் தாயின் சமையல் குறிப்பேடு ஒன்று இருக்கின்றது. அதன் பக்கங்கள் கிழிந்தும் எழுத்துகள் அழிந்தும் போயின. எஞ்சிய வரிகளையும் படங்களையும் கொண்டு, விடுபட்டதை ஊகித்து, ஆடுபவன் இட்டலியும் புட்டும் சமைக்க வேண்டும். இதுவே ஆட்டம்.

புட்டு அவிப்பதை நம் ஊர் நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாவும் தேங்காய்ப்பூவும் எந்த வரிசையில் குழலுக்குள் போகவேண்டும் என்பது நம் வீட்டுப் பெண்களின் கைக்குத் தெரியும். ஆனால் பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால், கேட்பதற்குத் தாய் அருகில் இல்லாத ஒரு பெண், அழிந்த எழுத்தை உற்று நோக்கிக்கொண்டு நிற்கின்றாள் என்று எண்ணிப் பாருங்கள். ‘புலம்பெயர்ந்தவர்கள் தம் பண்பாட்டை இழந்து தவிக்கின்றனர்’ என்று ஓர் இடைக்காட்சியில் எவரேனும் முழங்கினால், என் பேரன் அதனை விரலால் தள்ளிவிடுவான். அழிந்த வரிக்கு முன்னால் அவனையே நிறுத்தி, ‘இனி நீ சமை’ என்றால், அந்த இழப்பு அவன் விரலுக்குள்ளே புகுந்துவிடுகின்றது. பின்னொரு கட்டத்தில், தாய்மொழியிலிருந்து விலகி வளர்ந்த மகனின் கையே நம் கையாகின்றது. அப்போது அந்த ஏட்டின் கனம் இன்னும் கூடுகின்றது. 2024இல் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகமான பாஃப்டா, சிறந்த அறிமுக விளையாட்டிற்கான விருதை ‘வெண்பா’வுக்கு வழங்கியது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகின்றதே, உரையாடல் மிகுந்து ஆட்டம் குறைந்துள்ளதே என்று குறைகூறுவோரும் உண்டு. அக்குறையில் ஓரளவு உண்மை இருக்கலாம். எனினும் உரையாடல்களை மறந்த பின்னரும் அந்தக் கிழிந்த பக்கம் மனத்தில் நிற்கும் என்பது என் துணிபு.

அவ்வாறாயின் இடைக்காட்சியே வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். அவ்வளவு தூரம் போக நான் ஒருப்படேன். “கதை நடக்கிற நேரத்தில நான் ஒண்டும் செய்ய ஏலாது” என்றான் என் பேரன். வாழ்க்கையிலும் அப்படிப்பட்ட நேரங்கள் உண்டல்லவா? ஒன்றும் செய்ய இயலாமல் கைகட்டி நின்று பார்க்க மட்டுமே விதிக்கப்பட்ட நேரங்கள்!

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை அத்தகையது. அன்று ஆழிப்பேரலையில் இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எல்லா மாவட்டங்களிலும் மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது எங்கள் அம்பாறை மாவட்டமே. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது தொடக்கம் கோமாரி, பொத்துவில் வரையில் இக்கரையோரத்தில் இழப்பில்லாத ஊர் இல்லை. எங்கள் வீடும் அதற்கு விலக்கன்று. அந்நாளை எவரேனும் விளையாட்டாக ஆக்கி, ‘இத்தனை பேரைக் காப்பாற்றினால் இத்தனை புள்ளி’ என்று கணக்கிட்டால், என் நெஞ்சு பொறுக்காது. கையைக் கட்டிப் போடும் காட்சிக்கு அங்கே நியாயம் இருக்கின்றது. இயலாமையைச் சொல்ல இயலாமையே தக்க மொழி.

அந்நாளின் கதையை என் பேரனுக்குப் பலமுறை சொல்லியிருக்கின்றேன். ஆண்டுதோறும் அந்த நாள் வரும்போது விளக்கேற்றி வைத்துச் சொல்வேன். அவனும் அடக்கமாக அமர்ந்து கேட்பான். கைபேசி விளையாட்டைப் பற்றி அவன் சொன்னதைக் கேட்ட இரவு, எனக்கு ஒன்று உறைத்தது. என் கதையைக் கேட்கும்போது அவன் முகம், இடைக்காட்சியைத் தள்ளிவிடும்போது இருந்த அதே முகம்! என்னிடத்தில் மட்டும் தள்ளிவிட அவனுக்குப் பொத்தான் இல்லை. மரியாதையால் இருந்தான். நேயர்களே, என் வீட்டில் நானே ஓர் இடைக்காட்சியாக ஆகியிருந்தேன்.

அப்போது இந்தோனேசியாவின் சிமெலு என்னும் தீவு நினைவிற்கு வந்தது. சுமாத்திராவிற்கு அருகே, அந்தப் பெரும் பூகம்பம் எழுந்த இடத்திற்கு மிக அண்மையில் உள்ள தீவு அது. 1907இல் அங்கே ஆழிப்பேரலை வந்து பலரை அழித்தது. தப்பியோர் அதற்கு ‘ஸ்மோங்’ என்று பெயரிட்டு, பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். நிலம் கடுமையாக நடுங்கி, கடல் பின்வாங்கினால், மலைக்கு ஓடு என்பதே அக்கதையின் சாரம். 2004இல் நிலம் நடுங்கியபோது ‘ஸ்மோங்’ என்ற கூக்குரல் தீவெங்கும் எழுந்தது. மக்கள் மேட்டிற்கு ஓடினர். ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தோர் ஏழு பேர் என்பது பதிவு. அவர்கள் கதை தொண்ணூற்றேழு ஆண்டுகள் காத்திருந்து, காலுக்கு ஆணையிட்டது. என் கதையோ கண்ணீரை மட்டும் சொன்னது. என்ன செய்ய வேண்டும் என்று காலுக்குச் சொல்லவில்லை.

ஐக்கிய நாடுகள் சபையின் பேரிடர்த் தணிப்புப் பிரிவும் 2007இல் ஒரு கணினி விளையாட்டை வெளியிட்டது. குறித்த பணத்தையும் குறித்த நேரத்தையும் கொண்டு, அலை வருமுன் ஒரு கடற்கரைக் கிராமத்தை ஆடுபவன் பாதுகாக்க வேண்டும். நல்ல முயற்சிதான். ஆயினும் என்னிடம் இருந்தது கணினி அன்று. ஒரு முற்றம், ஒரு பேரன், அவன் தோழர்கள் நால்வர், இவ்வளவே. ஆகவே மறுநாள் மாலை ஓர் ஆட்டத்தை வகுத்தேன்.

ஆட்டம் இதுதான். பிள்ளைகள் மணலில் தம் விருப்பம்போல விளையாடிக்கொண்டிருக்க வேண்டும். நான் எந்த வேளையிலும் ‘ஸ்மோங்’ என்று கூவுவேன். ‘கடல் வருகிறது’ என்று கூவலாகாது. எங்கள் ஊரில் அச்சொல்லைக் கேட்டால் இன்றும் சில வீடுகளில் பெண்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடி வருவார்கள். அதனால் அந்த அந்நியச் சொல்லையே கடன் வாங்கினேன். அதைக் கேட்டதும் சாலையைக் கடந்து, உள்ளே இருக்கும் மேட்டு நிலம் வரையில் பிள்ளைகள் செல்ல வேண்டும். சட்டங்கள் இரண்டு. எதையாவது எடுத்துவரத் திரும்பிப் போனவன் ஆட்டத்திலிருந்து விலக வேண்டும். கூட்டத்தில் ஆகச் சிறியவனை விட்டுவிட்டு முதலில் ஓடி வந்தவன் தோற்றவன்.

முதல் நாள் என் பேரனே தோற்றான். அம்பு போலப் பாய்ந்து மேட்டில் ஏறி நின்று கையை உயர்த்தினான். அயல்வீட்டு ஐந்து வயதுச் சிறுவனோ பாதி வழியில், ஒரு செருப்போடு நின்று அழுதுகொண்டிருந்தான். இரண்டாம் நாள் பேரன் அச்சிறுவனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். மூன்றாம் நாள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். மேட்டிற்கு வந்து, மூச்சு வாங்க, சிறுவனை இறக்கி வைத்துவிட்டு, என்னைப் பார்த்துக் கேட்டான்:

“அம்மப்பா, ஏன் இந்தச் சட்டத்தை வைச்சீங்க? அண்டைக்கு என்ன நடந்தது?”

ஆண்டாண்டாக நான் சொன்ன கதையை, அன்றுதான் அவன் என்னிடம் கேட்டான். மேட்டிலே அமர்ந்து சொன்னேன். ஐந்து பிள்ளைகளும் கேட்டார்கள். எவர் விரலும் எதையும் தள்ளிவிடவில்லை.

நேயர்களே, ஆட்டத்திற்குக் கதை வேண்டுமா என்ற வினாவிற்கு என்னாலான விடை இதுவே. ஆடுபவன் கேட்கும் வரையில் கதை பொறுத்திருக்க வேண்டும். அவன் கேட்கும்படி செய்வது ஆட்டத்தின் கடமை. கணினியிலே விளையாட்டுகளை ஆக்கப்போகும் நம் இளைஞர்களும், என்னைப் போல வீட்டு முற்றத்திலே கதை சொல்லும் முதியோரும் இதனைச் சற்று நினைத்துப் பார்ப்பார்களாக.